உள்பக்கம் இழைத்த பெட்டி

“ஒரு பெட்டிக்கு எத்தனை பலகை வேணும், சொல்லு பாப்போம்?” என்று அம்மா ஒரு நாள் அவளைக் கேட்டாள்.

அவள் சலவைக்கடைச் சட்டை ஒன்றின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆறு என்றாள்.

“ஆறுதான். ஆனா ஆறுக்கும் உள்பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? அதை ஒருத்தனும் எண்ண மாட்டான்.”

அன்றைக்குச் சிரித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். இன்றைக்கு, அம்மா இறந்த காலையில், தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அம்மாவின் உயரத்தைப் பேனாவால் எழுதியிருந்தாள். கையை மூடினால் வியர்வையில் அழிந்துவிடும் என்று விரல்களை விரித்தபடியே ஓடினாள். பார்த்தவர்களுக்கு, யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டே ஒரு பெண் போகிறாள் என்று தோன்றியிருக்கும்.

அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஆயுசெல்லாம் அண்டா கழுவிய கைகள் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தன. அவை சும்மா கிடந்து அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. அடுத்த தெருவிலிருந்து சின்னம்மா வந்தாள், அண்ணன் வந்தான். அண்ணனுக்கு வேலையே வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எது முதலில் போகணும், எது கடைசியில் போகணும் என்று அவன் கண் கணக்குப் போட்டுவிடும். அம்மாவின் கட்டிலருகே கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு போனை எடுத்தான். நாற்காலிக்குச் சொன்னான், இடுகாட்டுக்குச் சொன்னான், பெட்டிக்குச் சொன்னான். பித்தளைக் கைப்பிடி போட்ட பெட்டியாம், பளபளப்பில் முகம் பார்க்கலாமாம், மத்தியானம் வந்துவிடுமாம்.

பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அம்மாவின் விரல் ஞாபகம் வந்தது.

போன மழைக்காலத்தில் மாடி வீட்டுத் தையற்காரர் இறந்தபோது அம்மா துக்கம் கேட்கப் போனாள். மாலையைச் சரிசெய்கிற சாக்கில் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலில் சிலாம்பு ஏறி, வீட்டுக்கு வந்து ஊசியால் அதை எடுத்துக்கொண்டே திட்டித் தீர்த்தாள். வெளியே கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்திருக்கிறானாம், உள்ளே ரம்பம் அறுத்தது அறுத்தபடியே விட்டு மேலே பட்டுத்துணியைப் போர்த்தி ஏமாற்றியிருக்கிறானாம். “வெளிப்பக்கம் பாக்குறவனுக்குடி. படுக்கிறவனுக்கு உள்பக்கம்தானே? என்னை மட்டும் அதுல போட்டீங்க, எழுந்து வந்துடுவேன்.”

இது அவளுக்கு மட்டும் தெரியும். அண்ணனிடம் சொல்லலாம் என்று வாசல்வரை போனாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அது பழக்கம்தான். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் ஒரு நாள் போகாமல் இருந்தவள், பிறகு போகவே இல்லை. அப்போதிருந்து அவளைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அம்மாவோ அண்ணனோ பதில் சொல்லிவிடுவார்கள். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அண்ணன் போனில் இருக்கும்போது அவள் கொல்லைக்குப் போய் அம்மாவின் போனிலிருந்து, அம்மாவுக்கு மரவேலை சொல்லித்தருகிற மாஸ்டரைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வகுப்பு நாள். லீவு சொல்வதுபோலச் சொன்னாள்: “அம்மா இன்னைக்கு கிளாசுக்கு வர மாட்டாங்க.”

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“இல்ல. இறந்துட்டாங்க.”

மாஸ்டருக்குப் பின்னால் யாரோ எதையோ அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிலாம்பு விஷயத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் அவள் பேசியதே கிடையாது. மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அம்மா உயரம் என்ன? அளந்து எழுதிக்கிட்டு நேரா இங்க வந்துடு.”

அதற்குத்தான் இந்த ஓட்டம்.

சமூகக் கூடத்தின் பின்கட்டில், வாராவாரம் பெரியவர்களுக்கு மரவேலை சொல்லித்தருகிற அறை. பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். அம்மா உண்மையில் பூத்தையலுக்குப் பேர் கொடுக்கத்தான் போனாள். வரிசை மாறி நின்றுவிட்டாள். முன்னால் போனபிறகு, இது தச்சு வேலைக்கான வரிசை என்று சொன்னார்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போவதா என்று அதிலேயே சேர்ந்துவிட்டாள். அப்படித்தான் ஓய்வுபெற்ற வயதில் அவள் கைக்கு இழைப்புளி வந்தது. வந்ததுமே இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் முக்காலி, தட்டு, பறவைக்கூடு என்று செய்து முடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அம்மா இழைத்துக்கொண்டே இருப்பாள். சுருள் சுருளாகச் சீவல் விழுவதைப் பார்த்தால் அவளுக்கு நிறுத்த மனசு வராது. தலைமுடியில் சீவலோடுதான் வீட்டுக்கு வருவாள். வகுப்பில் அவளுக்குப் பேரே சீவலக்கா.

உள்ளங்கையை விரித்தபடி அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மேசைகளையெல்லாம் ஒதுக்கி நடுவில் இடம் பண்ணியிருந்தார்கள். யாரும் அழவில்லை. யாரும் அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. மாஸ்டர் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைப் படித்தார், ஜோசியக்காரர் மாதிரி.

“நாலு விரல் கூட விடுங்க. படுத்தா பாதம் முன்னால நீட்டிக்கும்” என்றாள் நர்ஸ். இரவுப் பணி முடிந்து நேரே வகுப்புக்கு வருகிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அம்மா இந்தப் பருவம் முழுக்கச் செய்துகொண்டிருந்தது, சுவரோரம் போடுகிற ஒரு நீள இருக்கை. மூடியைத் தூக்கினால் உள்ளே போர்வை வைத்துக்கொள்ளலாம். செய்துகொண்டிருந்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. பலகைகளை இழைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மாஸ்டர் அவற்றை அலமாரி மேலிருந்து இறக்கினார். ஒரு பக்கம் வெண்ணெயாக வழுக்கியது. மறுபக்கத்துக்கு அவள் இன்னும் வரவே இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு வாங்கிய பலகை சுண்டுவிரல் தடிமனுக்கு இளைத்திருந்தது.

“சொன்னேன், போதும்க்கா போதும்க்கான்னு. கேட்டாத்தானே” என்றார் ரசமட்டம். அது பட்டப்பெயர்; ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். எதைச் செய்தாலும் முதலில் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். தேநீர்க் குவளையை வைப்பதற்குமுன் மேசைமேல் வைத்துப் பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் புத்தக அலமாரிக்கென்று வைத்திருந்த பலகைகளை இழுத்து வந்து நடுவில் போட்டார். “அடிக்கு இது. சும்மா கெடக்கு.”

பிறகு யார் யாரோ எதை எதையோ கொண்டுவந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர், மாவு பிசையச் செய்துவைத்திருந்த அகலப் பலகையைத் தலைமாட்டுக்குக் கொடுத்தார். நர்ஸ், தன் கட்டிலுக்கு அறுத்து வைத்திருந்த சட்டங்களை அடியில் குறுக்கே கொடுக்கச் சொன்னாள். ஒரு பலகை தேன் நிறம், ஒன்று சாம்பல், ஒன்று செம்மண். மூடிக்குக் கால்மாட்டில் கொஞ்சம் குறைந்தது. மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் நின்ற கரும்பலகையை இறக்கி அளந்தார். யாரும் தடுக்கவில்லை.

மாஸ்டர் முன்பு நாடகக் கொட்டகையில் அரண்மனை, காடு, சிறைச்சாலை எல்லாம் கட்டிக்கொடுத்தவர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “நான் கட்டினது எல்லாம் ஒரு ராத்திரி நின்னா போதும்னு கட்டினது. இது ஒரு சாயங்காலம் தாங்கணும். பயப்படாதீங்க.”

அவள் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டிக் காட்டினார். “அம்மா இழைப்புளி அதோ. அந்த ரெண்டு பலகையும் உன்னோடது. பாக்கிப் பக்கம்.”

“எனக்குத் தெரியாதே.”

“அவங்களுக்கும் தெரியாது. வரிசை மாறி வந்தவங்கதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் இழுப்பில் இழைப்புளி தடுக்கி நின்றது. இரண்டாவதில் எகிறியது. ரொட்டிக்கடைக்காரர் தன் வேலையிலிருந்து தலை நிமிராமலேயே, மர ரேகைக்கு எதிர்வாட்டத்தில் இழுக்கிறாய், பலகையைத் திருப்பிப் போடு என்றார். திருப்பிப் போட்டாள். சர்ரென்று ஒரு சத்தம். வெங்காயச் சருகுபோல மெல்லிசாக ஒரு சுருள் எழும்பி, அவள் மணிக்கட்டில் வளையல்போல விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்தது. அடுத்தது. மரத்திலிருந்து மழை நனைந்த வாசனை வந்தது. தோள் வலித்தது, காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கை வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஏன் நிறுத்தமாட்டாள் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. ஒரு கட்டத்தில் மாஸ்டர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று. இன்னும் இழைத்தால் பலகையின் வழியாக அந்தப் பக்கம் தெரியும் என்றார்.

அறை திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் பசை பூச, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் துளை போட, நர்ஸ் ஸ்க்ரூக்களை மருந்து கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். இழைத்த பக்கம் உள்ளே, உள்ளே என்று ரசமட்டம் கத்திக்கொண்டே இருந்தார். அப்படியும் ரொட்டிக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் தலைமாட்டுப் பலகையின் நல்ல பக்கத்தை வெளியே வைத்துப் பூட்டிவிட்டார். கழற்றி மாட்டினார்கள். அவரை ஆயுசுக்கும் கேலி செய்ய ஒரு விஷயம் கிடைத்ததில் எல்லாருக்கும் ஒரே குஷி. போன வாரம்வரை ஒரு பறவைக்கூட்டுக்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டவர்கள், சூரியன் உச்சிக்கு வருமுன் ஒரு ஆள் படுக்கிற பெட்டியை நடு அறையில் நிறுத்திவிட்டார்கள். கைப்பிடிதான் இல்லை. சாமான் டப்பாவில் அலமாரிக் கைப்பிடிகள் இருந்தன. அவற்றையே வரிசையாகப் பொருத்தினார்கள்.

பிறகு எல்லாரும் சுற்றி நின்றார்கள். தாங்குமா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

“நான் படுக்கிறேன்” என்றாள் அவள். “எனக்கும் அம்மாவுக்கும் ஒரே உயரம். எடையும் கிட்டத்தட்ட அதேதான்.”

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்துவிட்டாள். படுத்தாள். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். எங்கேயும் குத்தவில்லை. மேலே, மரத்தூள் படிந்த முகங்கள் வட்டமாகக் குனிந்து பார்த்தன. ரசமட்டத்தின் மூக்கு நுனியில் ஒரு சீவல் தொங்கியது. யாரும் அவளை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவளுக்குக் கூச்சமாகவே இல்லை.

“எப்படி இருக்கு?” என்றாள் நர்ஸ்.

“நல்லா இருக்கு.”

அடியில் கை கொடுத்து, ஆளுக்கொரு பக்கம், தூக்கினார்கள். பெட்டி ஒரு முறை முனகியது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. அறையை ஒரு சுற்று நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் யாரோ சிரிக்க ஆரம்பிக்க, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. படுத்தபடியே அவளும் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

தெருவில் விசாரித்தபடி லாரியில் தங்கையைத் தேடி வந்தவன். அம்மா செத்துக் கிடக்கிற நாளில், முன்பின் தெரியாத வயசானவர்கள் தன் தங்கையைச் சவப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி சுற்றி வருவதைப் பார்த்தவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“இறக்குங்க” என்றான்.

இறக்கினார்கள். அவள் பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்தாள். என்ன கூத்து இது என்று கேட்டான். மாஸ்டர் விளக்க ஆரம்பித்தார். அண்ணன் அவரை நிறுத்தி, அங்கே பெட்டி வந்துகொண்டிருக்கிறது, இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் என்றான். குரலை உயர்த்தாமல்தான் பேசினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

“கத்துக்கிறவங்க செஞ்சது இது. நடுவழியில அடி பேந்து, அம்மா ரோட்டுல விழுந்தா யாரு பதில் சொல்றது?”

ரொட்டிக்கடைக்காரர் பசை ஒட்டிய விரல்களைத் துணியில் துடைத்தார்.

“நான் சொல்றேன்” என்றாள் அவள்.

அண்ணன் அவளைப் பார்த்தான். யார் பேசியது என்று தெரியாதவன் மாதிரி பார்த்தான்.

“நீ உள்ள கை வெச்சுப் பாருண்ணா.”

அவள் காத்திருந்தாள். கடைசியில் அவன் குனிந்து, சண்டைக்குப் போகிற வேகத்தில் கையை உள்ளே விட்டான். பக்கவாட்டில் ஒரு முறை தடவினான். கை அங்கேயே நின்றது. இன்னொரு முறை, மெதுவாக, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் போயிற்று. காலையில் சொல்லமுடியாமல் போன சிலாம்புக் கதையை அவள் சொன்னாள். அவன் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. கையை எடுக்காமலேயே நின்றான்.

பிறகு கையை எடுத்து, “கைப்பிடியை எவன் போட்டான்?” என்றான்.

ரசமட்டம் மெல்லக் கையைத் தூக்கினார்.

“அலமாரிக் கைப்பிடியைப் புடிச்சு ஆளைத் தூக்குவீங்களாய்யா? கையோட வந்துடும். வண்டியில சாமான் தூக்குற பட்டை இருக்கு, நாலு எடுத்துட்டு வாங்க.”

அதன்பிறகு அவன் தன் வேலையில் இறங்கிவிட்டான். பட்டைகளை அடியில் கொடுத்து, யார் எங்கே பிடிக்கணும், எந்தக் காலை முதலில் வைக்கணும் என்று சொல்லிக்கொடுத்தான். வகுப்பு மொத்தமும் பள்ளிப் பிள்ளைகள்போலக் கேட்டுக்கொண்டது. ஆனால் தாழ்வாரத்தின் முடக்குக்கு வந்ததும் பெட்டி திரும்பவில்லை. முன்னால் தள்ளினால் சுவரில் முட்டியது, பின்னால் இழுத்தால் கதவில் முட்டியது. இதுவரை முக்காலியும் தட்டும் மட்டுமே எடுத்துப்போனவர்கள். கதவை அளக்க வேண்டும் என்று மாஸ்டர் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டர் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு வெளியே போய்ப் பூட்டலாம் என்றார். அண்ணன் சுவரையும் கூரையையும் ஒரு பார்வை பார்த்தான்.

“கழட்ட வேண்டாம். தலைமாட்டைத் தூக்கி நிக்க வைங்க. பீரோவை எப்படி எடுப்போம்? அதே மாதிரி.”

பெட்டி எழுந்து நின்றது. கால்மாட்டின் ஒரு மூலைமேல் அண்ணன் அதைத் திருப்ப, ஒரு ஆள் நடக்கிற மாதிரி அது அசைந்து அசைந்து முடக்கைத் தாண்டியது. அடுத்த அறையில் பூத்தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவருகே வந்த பெண்கள் ஊசியும் கையுமாக நின்று பார்த்தார்கள்.

லாரியில் பெட்டியும் வகுப்பும் ஒன்றாக ஏறின. அவள் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்றில் எல்லார் தலையிலிருந்தும் மரத்தூள் பறந்தது. ஒவ்வொரு மேட்டிலும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பெட்டியை அழுத்தின. ரசமட்டம் மூடியின்மேல் தன் கருவியை வைத்துக் குமிழியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் சின்னம்மா அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தி வைத்திருந்தாள். பெட்டியைப் பார்த்து ஒரு நொடி வாயைத் திறந்தாள். தேன் நிறம், சாம்பல், செம்மண், ஒரு பக்கம் கரும்பலகை. பிறகு, ஏன் இப்படித் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். ஆளாளுக்குக் கொடுத்தது என்றாள் அவள். சின்னம்மா மேலே கேட்கவில்லை. அண்ணன் தலைமாட்டையும் அவள் கால்மாட்டையும் நர்ஸ் நடுவிலும் பிடித்து, அம்மாவை உள்ளே வைத்தார்கள். அளவு சரியாக இருந்தது. பாதத்துக்குக் கீழே நாலு விரல் இடமும் இருந்தது. பட்டுத்துணி போடவேண்டாம் என்று அவள் சொன்னாள். அம்மாவின் கைகளை எடுத்து இரண்டு பக்கமும் பலகையை ஒட்டி வைத்தாள்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

சவப்பெட்டி செய்து விற்கிறவர் இறங்கினார். நரைத்த மீசை, சட்டைப்பையில் பென்சில், திருப்புளி, மடித்த துணி. வண்டிக்குள் அவருடைய பெட்டி பளபளவென்று, பித்தளையில் வெயில் தெறிக்கப் படுத்திருந்தது. உள்ளே வந்தவர் அம்மாவையும் அம்மா படுத்திருந்த பெட்டியையும் பார்த்து நின்றார். வகுப்பு மொத்தமும் சுவரோரம் ஒட்டிக்கொண்டது. அண்ணன், தானே ஏதோ சொல்லவேண்டும் என்று ஒரு அடி முன்னால் வந்தான். அவளும் அவனோடு ஒரு அடி வந்தாள்.

சவப்பெட்டிக்காரர் அவர்களைப் பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பின் நேரைப் பார்த்தார். மூலையை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். அலமாரிக் கைப்பிடிகளிடம் வந்தபோது அவர் மீசை லேசாக அசைந்தது. கால்மாட்டில் உட்கார்ந்தார். அங்கே ஒரு ஸ்க்ரூ முழுக்க இறங்காமல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மரம் பிளந்துவிடாதபடி ஒரு கையால் பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, தலை உள்ளே அமரும்வரை திருகினார்.

துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். எழுந்து, அம்மாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய், வண்டியின் பின்கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு, தன் பெட்டியோடு போய்விட்டார்.